ஷோரூமில் 20, ரோட்டில் 11: டீசல் பிக்கப் மைலேஜ் கணக்கு

கேள்வி: 2024 செப்டம்பர் 18, மாலை 6.10

அம்பத்தூர்ல பெயின்ட் ஏஜென்சி வெச்சிருக்கேன். போன வருஷம் ஒரு டீசல் பிக்கப் எடுத்தேன், 1.5 லிட்டர், மூணு சிலிண்டர். 20 குடுக்கும், கண்ணை மூடிக்கிட்டு எடுங்கன்னாங்க. 11 தாண்ட மாட்டேங்குது. டிரைவர் டீசல் உறிஞ்சி விக்கிறார்னு நினைக்கிறேன், இந்த மாசம் பேட்டாவுல பிடிச்சிட்டேன். அடுத்த வண்டி வாங்கணும். நிஜமாவே 18க்கு மேல குடுக்கிற டீசல் பிக்கப் எது?

செப்டம்பர் 18, இரவு 11.20

பேட்டாவில் பிடித்தாயா? அதை அப்புறம் பேசுவோம்.

11 என்பது குறைவா, சரியா என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது தம்பி. எந்த ரோட்டில் ஓடுகிறது, காலையில் கிளம்பும்போது எத்தனை கிலோ ஏற்றுகிறாய், 11 என்ற கணக்கு எப்படி வந்தது, எதுவுமே நீ எழுதவில்லை.

வில்லிவாக்கத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு பிக்கப் இருக்கிறது. ஒன்று உன்னுடையதைப் போல மூன்று சிலிண்டர், இன்னொன்று 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர். கம்பெனி பெயர் எழுதமாட்டேன், எழுதினால் மைலேஜை விட்டுவிட்டு எது நல்ல வண்டி என்று அடித்துக்கொள்வீர்கள். சின்னது ஊருக்குள் 11, 12 கொடுக்கும். இரவில் பைபாஸில் காலியாக வந்தால் அதே வண்டி 17ஐத் தொடும். பெரியது ஊருக்குள் 9, வெளியே 13. எனக்குத் தெரிந்தவரை சென்னைக்குள் மைலேஜை முடிவு செய்வது வண்டியின் பெயர் இல்லை, சராசரி வேகம்தான். 60 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் ஓட்டினாயா, ஆறு மணி நேரத்தில் ஓட்டினாயா, அதைச் சொல்.

புரட்டாசி பிறந்துவிட்டது, கல்யாணம் இல்லை. எனக்கு எழுத நேரம் இருக்கிறது.

செப்டம்பர் 19, காலை 7.05

தம்பி கொடுத்த விவரம்: டிப்போவில் ஏற்றி முகப்பேர், வளசரவாக்கம், போரூர் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்பினால் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். காலை 9 மணிக்குப் போனால் மாலை 5.

ஆர்க்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிற லட்சணம் தெரியும்தானே. இப்போது கணக்கைப் பார். இந்த அளவு டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். இது நல்ல கணக்குதான். டீசல் இன்ஜின் காற்றை அடைப்பதில்லை, டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கும், அதனால் ஐடிலில் பெட்ரோல் வண்டியைவிடச் சிக்கனம். ஆனாலும் சிக்னல், கடை வாசல், டிப்போ கியூ எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் நின்றபடி ஓடினால் 1.8 லிட்டர் போய்விட்டது. ஓடும்போது 14 கொடுக்கிற வண்டி என்றே வைத்துக்கொள். 60 கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர். கூட்டினால் 6.1. 60ஐ 6.1ஆல் வகுத்தால் பத்துக்குக் கீழே வருகிறது. உன் வண்டி 11 கொடுக்கிறது.

செப்டம்பர் 19, காலை 7.40

இன்னொன்று விட்டுப்போனது. நிற்பது மட்டும் செலவு இல்லை, நின்று கிளம்புவதும் செலவு. லோடோடு இரண்டரை டன் எடையை 40 வேகத்துக்கு ஏற்ற 154 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் இருக்கிறது, அதில் 30 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால், ஒவ்வொரு தடவை 40 பிடிப்பதற்கும் 14 மில்லி. இருமல் மருந்து மூடியளவு. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அது மொத்தமும் சூடாகப் போய்விடும். நூறு தடவை நின்று கிளம்பினால் 1.4 லிட்டர்.

அதனால்தான் முன்னால் சிவப்பு விழுவதைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கிற டிரைவரும், வரிசையின் வால் வரை போய் மிதிக்கிற டிரைவரும் ஒரே மைலேஜ் தரமாட்டார்கள்.

செப்டம்பர் 19, மதியம் 1.15

ஏசி போட்டால் டீசல் அதிகம் குடிக்குமா என்று கேட்டவருக்கு: குடிக்கும். நிற்கும்போது விகிதத்தில் இன்னும் அதிகம் குடிக்கும். மே மாதம் தகரக் கேபினில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அணைக்கச் சொல்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

செப்டம்பர் 21

அளக்கிற முறைக்கு வருவோம். தம்பி 500 ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் பழைய இடத்துக்கு வரும்வரை ஓட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த முள்ளை நம்பக்கூடாது. வண்டி சாய்ந்து நின்றாலே மாறும்.

டேங்க் ஃபுல் செய். நாசில் தானாக வெட்டியதும் நிறுத்து, "இன்னும் கொஞ்சம் போகும் சார்" என்று பையன் சொல்வான், விடாதே. ஓட்டு. காலியாகும் நேரத்தில் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், மறுபடி வெட்டும்வரை. ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகு. ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. டேங்கில் காற்று எவ்வளவு தங்கியது என்பதிலேயே ஒன்றிரண்டு லிட்டர் அங்கே இங்கே போகும், பல டேங்க் சேர்ந்தால்தான் அது சமன் ஆகும். ஒரு மாதக் கிலோமீட்டர், ஒரு மாத லிட்டர், அவ்வளவுதான் நான் பார்ப்பது.

பங்க்கில் அளவு குறைகிறதா என்ற சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் முத்திரைக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் காட்டியாக வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி முன்னே பின்னே இருந்தால் அது அனுமதித்த அளவு. அதாவது அரை சதவீதம். 20க்கும் 11க்கும் உள்ள இடைவெளி அந்த அரை சதவீதத்தில் ஒளிந்திருக்கவில்லை.

செப்டம்பர் 21, இரவு

டயர். மொட்டை டயரோடு ஓடுகிற வண்டிக்கு மைலேஜ் கூடுதலாகத் தெரியும். 8 மில்லிமீட்டர் பட்டன் 2 மில்லிமீட்டராகத் தேய்ந்தால், 650 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஏறக்குறைய 2 சதவீதம் சின்னதாகிவிடும். அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீட்டர் அதிகம் காட்டும். புது டயர் மாட்டியதும் மைலேஜ் இறங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

செப்டம்பர் 22

காலையில் 6 மணிக்குப் போட்டால் டீசல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் இதை நம்பாத ஆள் இல்லை. டீசல் ஒரு டிகிரிக்கு 0.08 சதவீதம் போல விரியும், அது உண்மை. ஆனால் பங்க் டேங்க் மண்ணுக்குள் இருக்கிறது, ராத்திரி குளிர் அங்கே எட்டாது. வாதத்துக்கு 5 டிகிரி இறங்கியது என்றே வைத்தாலும் 40 லிட்டரில் 160 மில்லி. இன்று சென்னை விலை 92 ரூபாய் சொச்சம், ஆக 15 ரூபாய். காலையில் போடுங்கள், கியூ இருக்காது. அந்தக் காரணம் போதும்.

500க்குப் பதில் 510க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 26

ஷோரூம் எண் பொய்யா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பொய் இல்லை, அது வேறு ஒரு ஊரின் எண். புனேயில் ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடங்களில் வண்டியை உருளை மேல் நிறுத்தி, எழுதிவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். உச்ச வேகம் 90. மழை இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடு இல்லை, ஏசி அணைந்திருக்கும், முழு லோடும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஓட்டினால்தான் ஒப்பிட முடியும், அதற்கு அந்த எண் உதவும். நம்முடைய நடைக்கு எவ்வளவு ஆகும் என்பதற்கு அது உதவாது.

புகை விஷயத்தில் இதை உலகமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனையில் ஒழுங்காகவும் ரோட்டில் வேறாகவும் நடந்துகொண்டது வெளியே வந்தது. நம் ஊரிலும் 2023 ஏப்ரலில் இருந்து, பிஎஸ்-6 என்கிற புகை விதியின் இரண்டாம் கட்டத்தில், ரோட்டில் ஓட்டிப் புகையை அளக்கிறார்கள். மைலேஜுக்கு அப்படி ஒன்று வந்தால் ஷோரூம் பையன்கள் பாடு திண்டாட்டம்தான்.

அக்டோபர் 2

இப்போது பேட்டா விஷயம்.

நான் முதலாளியாகப் பிறக்கவில்லை. பாடியில் ஒரு மரக்கடைக்கு டிரைவராக இருந்தேன், பழைய டீசல் வண்டி. என் முதலாளிக்கு யாரோ 15 என்று சொல்லிவிட்டார்கள். 15க்குக் குறைந்தால் கூடுதலாக ஆன லிட்டருக்குப் பேட்டாவில் பிடிப்பார். தேக்கு ஏற்றினாலும் 15, பிளைவுட் ஏற்றினாலும் 15. செங்குன்றம் போனாலும் 15, பாரிமுனைச் சந்துக்குள் போனாலும் 15. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இறக்கத்தில் எல்லாம் நியூட்ரலில் உருட்டினோம். லோடு வண்டி, பிரேக் சூடேறி மிதி இறங்கும். ஒருநாள் மேம்பால இறக்கத்தில் முன்னால் பஸ் நின்றது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். அதற்கப்புறமும் உருட்டினேன். பேட்டா வேண்டுமே.

டீசல் எடுக்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எடுக்கிறவன் தினம் ஒரே அளவு எடுக்கமாட்டான். மாதக் கணக்கு மேலும் கீழுமாகக் குதிக்கும். 11, 11.2, 10.9 என்று நேர்கோடாக வந்தால் அது ரோட்டின் எண். தம்பி, ஒரு வாரம் நீயே ஓட்டு. அதே கடைகள், அதே லோடு, டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல்.

அக்டோபர் 3

நியூட்ரலில் உருட்டினால் மிச்சம்தானே என்று இதைப் படித்த பிறகும் ஒருவர் கேட்கிறார். இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும், இன்ஜினுக்குப் போகிற டீசல் நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடில் டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கும். உருட்டினால் கொஞ்சம் அதிக தூரம் போகும், அது வேறு லாபம். நம் ஊரில் அந்தத் தூரத்துக்குள் ஒரு ஆட்டோ குறுக்கே வந்துவிடும்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. இரண்டு வண்டிக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் ஆயிற்று. பொட்டு வைத்தால் ஒரு கிலோமீட்டர் கூடும் என்கிறான் என் லோடுமேன். கூடத்தான் செய்யும், ஏனென்றால் இன்றுதான் வருடத்தில் ஒருநாள் எல்லாரும் டயர் காற்றைப் பார்க்கிறார்கள். கதவோரத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது, காலிக்கு இவ்வளவு, லோடுக்கு இவ்வளவு என்று. கைநகத்தால் தட்டிப் பார்த்துப் "போதும்" என்கிற ஆளை நம்பவேண்டாம்.

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியும் பார்த்துவிடுங்கள். பெரிய வண்டியில் பின்பக்கம் ஒரு பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. டிரம் சுட்டதை லோடுமேன்தான் சொன்னான். சரி செய்ததும் முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருந்த மைலேஜ் திரும்பியது. இன்ஜெக்டரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டிருந்தால் பெரிய தொகை போயிருக்கும்.

அக்டோபர் 16

மழை. நேற்றிலிருந்து வண்டி எடுக்கவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அவை இன்று பூஜ்யம் கிலோமீட்டருக்குப் பூஜ்யம் லிட்டர், இந்த விவாதத்திலேயே சிறந்த மைலேஜ்.

தேங்கிய தண்ணீரில் ஓட்டியவர்கள் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மாற்றுங்கள், காயவைத்துப் போடாதீர்கள்.

அக்டோபர் 24

சராசரி வேகம்தான் எல்லாம் என்று முதல் நாள் எழுதினேன். ஊருக்குள் அது சரிதான். ஐப்பசி பிறந்து திண்டிவனம் பக்கம் கல்யாணங்கள் வந்ததும் வேறு ஒன்றும் சொல்லியாக வேண்டும்.

சின்ன வண்டியில் பாத்திரம், அடுப்பு, தவலை ஏற்றினால் எடை நிரம்பிவிடும், உயரம் கேபினைத் தாண்டாது. பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றினால் எடை பாதிகூட வராது, உயரம் ஒன்பதடி. ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி 75, 80இல் போகும்போது எது அதிகம் குடிக்கும்? நாற்காலிதான். அடுக்கிய நாற்காலிக்குள் காற்று புகுந்து இழுக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும், 60இல் இருந்து 80க்குப் போனால் 1.8 மடங்கு. எடை கிளம்பும்போது தின்னும், ஏற்றத்தில் தின்னும். நேர் ரோட்டில் காற்றுதான் தின்னும். தார்ப்பாயை இழுத்து இறுக்கி, முன்பக்கம் உயரம் குறைத்து அடுக்கி, 60இல் ஓட்டச் சொன்னேன். அந்த லோடுக்கு 12 போல இருந்தது 14ஐ ஒட்டி வந்தது. போய்ச் சேர அரைமணி நேரம் அதிகம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் சமையல்காரர் காத்திருந்தால் இந்தச் சிக்கனம் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக உயரக் கூண்டு கட்டுகிறவர்கள் யோசித்துக் கட்டுங்கள். கோயம்பேட்டிலிருந்து அண்ணாநகர் போகிற வண்டிக்குக் கூண்டு ஒன்றும் செய்யாது. பெங்களூர் போகிற வண்டிக்கு ஒவ்வொரு நடையிலும் வாங்கும்.

அக்டோபர் 28

தம்பி ஒரு வாரம் தானே ஓட்டி 10.8 கொண்டுவந்திருக்கிறார். டிரைவரைவிடக் குறைவு.

பிடித்த பேட்டாவைத் தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிடு. போனஸோடு சேர்த்துக் கொடுக்காதே, தனியாகக் கொடு. இது எதற்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 28, இரவு

அப்போது எந்த வண்டி வாங்க என்ற கேள்வி மிச்சம். 18 கொடுக்கிற வண்டியை விட்டுவிட்டு 20 கொடுப்பதைத் தேடாதே. மாதம் 2000 கிலோமீட்டர் என்று வை. 18இல் இருந்து 20க்குப் போனால் 11 லிட்டர் மிச்சம், ஆயிரம் ரூபாய் சொச்சம். அதே இரண்டு கிலோமீட்டரை 12இல் இருந்து 14க்கு ஏற்றினால் 24 லிட்டர் மிச்சம், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் போல. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்கிடுவார்கள், அப்படிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். உனக்குக் காசு இருக்கிற இடம் புது வண்டியின் உச்சத்தில் இல்லை, பழைய வண்டியின் அடியில் இருக்கிறது. டிப்போவில் காலை 9 மணிக் கியூவுக்குப் பதிலாக 7 மணிக்கு ஏற்று, வளசரவாக்கத்தை முதலில் முடி. அது முடியாது என்றால் வேறு வழி இல்லை, 11தான்.

பெரிய வண்டி எடுத்தால் மைலேஜ் குறையும் என்று பயந்து சின்னதில் இரண்டு நடை அடிக்கிறவர்களும் கணக்குப் போடுங்கள். 9 கொடுக்கிற வண்டி ஒரே நடையில் முடிப்பதை 12 கொடுக்கிற வண்டி இரண்டு நடையில் முடித்தால் எது சிக்கனம்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம், லிட்டருக்கு எத்தனை பக்கெட் போய்ச் சேர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நவம்பர் 6

புது வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் இசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், கூடுதலாக டீசல் அடித்து, சைலன்சருக்குள் 600 டிகிரி போலச் சூடேற்றி அதை எரிக்கும். எரிகிற நேரத்தில் மைலேஜ் இறங்கும். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் எரிந்து முடிந்துவிடும். ஊருக்குள் பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால் எரிப்பது பாதியில் நிற்கும், அடுத்த தடவை மறுபடி முதலில் இருந்து. அப்படி வீணான டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்து மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். அந்த ஓட்டத்துக்கும் டீசல்தான், என்ன செய்ய.

வடிகட்டியைக் கழற்றி எறிகிறேன் என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. அந்தக் கரியை மூச்சில் வாங்குவது முதலில் உங்கள் லோடுமேன்.

நவம்பர் 13

மின்சார வண்டி எடுக்கலாமா என்று தம்பி கேட்கிறார். டாடாவின் மின்சாரச் சின்ன வண்டி ஏஸ் இவி 2022இல் வந்தது, 21.3 கிலோவாட் அவர் பேட்டரி, சான்றிதழில் 154 கிலோமீட்டர். அந்த 154ஐயும் ஷோரூம் 20 மாதிரியே பார்க்க வேண்டும். ஆனால் உன் நாளே 60 கிலோமீட்டர்தான், பாதி கிடைத்தாலும் வீடு வந்து சேரும். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் குடிக்காது, பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். டீசல் தோற்கிற இடம் எல்லாம் அதற்கு வசதியான இடம். சிக்கல் எடையில். முதலில் வந்த மாடல் 600 கிலோ. 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் ஒன்று 25 கிலோவைத் தாண்டும், இருபத்துச் சொச்சம் பக்கெட்டில் முடிந்தது. 1000 கிலோ மாடலும் இப்போது இருக்கிறது. அதை டிப்போவுக்கே எடுத்துவரச் சொல்லி, உன் லோடை ஏற்றி, உன் டிரைவரையே ஓட்டவைத்துப் பார். அளக்கத்தான் இப்போது உனக்குத் தெரியுமே. எனக்கு அது ஒத்துவராது, ராத்திரி இரண்டு மணிக்குத் திண்டிவனத்தில் பந்தல் பிரித்துவிட்டு எங்கே சார்ஜ் போடுவது?